ஒட்டுப்புல்லும் மாப்பிள்ளை சிலுவாரும்

சோம்பேறியால் ஒரு வீட்டுக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. அவன் பாட்டுக்குப் படுத்துக் கிடப்பான். எப்போதாவது ஒருமுறை மூளை வேலை செய்கிற ஆள்தான் ஆபத்தானவன். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். ரோசலின் அக்காவின் கல்யாணத்தன்று காலை பத்தரை மணிக்கு என் மூளை வேலை செய்தது.

அப்போது நான் கோலா கெத்திலில் ஒரு விதை வங்கியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா விதையை விட்டுவிட்டு, “பையனுக்கு பேங்க்ல வேல” என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். (லோன் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள்.) உண்மையில் அது ஒரு கடைவீட்டின் மாடி அறை. இரண்டு குளிர்பெட்டிகள், நிறைய கண்ணாடிப் புட்டிகள், சல்லடைகள், பிறகு எங்கள் தலைவி காக் சல்மா. (மலாயில் காக் என்றால் அக்கா.) ஊருக்கு வெளியே மணல் தோண்டி முடித்துக் கைவிட்ட நிலம் ஒன்று மொட்டையாகக் கிடந்தது. மழை பெய்தால் மண் முழுக்க ஓடைக்குப் போய்விடும். வெளியிலிருந்து வாங்கிப் பரப்பிய புல் இரண்டு முறை காய்ந்துபோனது. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த புல்தான் அங்கே நிற்கும் என்று காக் சல்மா முடிவு செய்தார். அந்த விதைகளைத் தேடிப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, தூசி போகச் சலித்து, புட்டியில் அடைத்து வைப்பது எங்கள் வேலை.

அவர் அதிகம் ஆசைப்பட்டது கெமுஞ்சுப் விதைக்கு. நாம் ஒட்டுப்புல் என்போம். திடலில் நடந்துவிட்டு வந்தால் சிலுவார் முழுக்க ஊசி ஊசியாக ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். (முழுக் கால்சட்டையை நாங்கள் சிலுவார் என்போம். பேன்ட் என்று சொன்னால் கோலாலம்பூரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவன் என்று அர்த்தம்.)

கோலா கெத்திலுக்கும் பாடாங் செராய்க்கும் நடுவே ஒரு தோட்டத்துத் திடலில் வெட்டும் யந்திரம் பழுதாகி, ஒட்டுப்புல் தாராளமாக முற்றி நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காக் சல்மா போன் செய்தார். யந்திரம் சரியாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் இருப்பதால் சனிக்கிழமை நடுப்பகலுக்குள் மொத்தத் திடலையும் வெட்டிவிடுவார்களாம். இதை விட்டால் அடுத்த வெயில் காலம்தான்.

“ஆனா நாளைக்கு உன் அக்கா கல்யாணம். நீ போக வேணாம்” என்று அவரே மலாயில் சொன்னார்.

“போலே” என்றேன் நான். முடியும் என்று அர்த்தம். இந்த இரண்டெழுத்துச் சொல்லால் என் வாழ்க்கையில் எனக்கு நேர்ந்ததை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகமாகும்.

முடியும் என்றுதான் நினைத்தேன். பாடாங் செராய் கோயிலில் கல்யாணம் மாலை நான்கு மணிக்கு. என்னிடம் கொடுக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு பொறுப்பு: மாப்பிள்ளை சேவியர் மச்சானின் கோட்டையும் சிலுவாரையும் கோலா கெத்தில் தையற்காரரிடம் வாங்கி, ஒரு மணிக்குள் அவர் வீட்டில் சேர்க்க வேண்டும். போகிற வழியில்தான் திடல்.

துணியை வாங்கி பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டு, திடலில் உட்கார்ந்து கையால் உருவ ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் ஒரு கைப்பிடி சேர்ந்தது. இப்படியே போனால் அக்காவின் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதுதான் முடியும். அங்கேதான் மூளை வேலை செய்தது. நடந்தால் தானாக ஒட்டுகிற விதையை எதற்கு உருவ வேண்டும்? எழுந்து நடந்தேன். நான் போட்டிருந்தது வழுவழுப்பான விளையாட்டு சிலுவார். ஒன்றும் ஒட்டவில்லை. கல்யாணத்துக்கு நான் கட்ட வைத்திருந்த பட்டு வேட்டி அதைவிட வழுக்கும்.

பின் சீட்டைப் பார்த்தேன். அடர்நீலக் கம்பளித் துணி.

பத்து நடை நடப்பது, சீப்பால் விதையை வாரி எடுப்பது, மடித்துப் பழையபடி வைப்பது. யாருக்குத் தெரியப் போகிறது? மச்சான் நல்ல உயரம். அவருடைய சிலுவார் எனக்கு ஒரு சாண் நீளமாகித் தரையைப் பெருக்கியது. அதையும் நான் ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டேன். பத்து நடை நாற்பதாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே கரடிக்குட்டி மாதிரி ஆகிவிட்டேன். பெருமையாக இருந்தது.

யந்திரத்தோடு கிருஷ்ணன் அண்ணன் வந்தார். அந்தத் திடலை வெட்டுகிறவர்.

“தம்பி, என்னா செய்யிற?”

“புல்லு வெத எடுக்குறேண்ணே.”

“கல்யாண சிலுவார்லயா?”

“கம்பளியில நல்லா ஒட்டும்ணே.”

“நல்லாத்தான் லா ஒட்டியிருக்கு. எப்படி எடுப்ப?”

“சீப்பு இருக்குண்ணே.”

அவர் இன்ஜினை அணைத்தார். சேதி இன்னும் தெரியாத வீட்டில் போய்த் துக்கம் சொல்ல வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். “தம்பி, அது சீப்புக்கு வராது.”

வரவில்லை. ஒட்டுப்புல் விதையின் அடிநுனி ஈட்டி போல இருக்கும். அது முன்னால் மட்டும்தான் போகும், பின்னால் வராது. நான்கு மாதமாக விதை வங்கியில் சம்பளம் வாங்கிய எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சீவச் சீவ எல்லாம் உள்ளே போனது. அதற்குள் போன் அடித்தது.

“மச்சான், சிலுவார் எங்க?”

“எங்கிட்டதான் இருக்கு மச்சான்.” (பொய் இல்லை. போட்டிருந்தேன்.) “கொஞ்சம் புல்லு ஒட்டியிருக்கு.”

“தட்டிட்டு கொண்டா லா.”

சேவியர் மச்சான் லாரிப் பட்டறைக்காரர். எதற்கும் பதறாத மனிதர். நான் நீட்டியதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது எந்த மிருகம்?” என்றார். வேறு சிலுவார் போட்டுக்கொள்ளலாமே என்று மெல்லச் சொன்னேன். “உங்க அக்கா அலஞ்சு அலஞ்சு எடுத்த துணி மச்சான். இத போடாம போனா கோயில் வாசல்லயே எனக்குப் பூசதான்” என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து பிடுங்கினோம். மூன்றரைக்கு வெளிப்பக்கம் ஓரளவு துணியாகத் தெரிந்தது. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

கோயிலில் அவர் நடந்ததைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளைக்கு எவ்வளவு பக்தி, அடிமேல் அடி வைத்து வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். முழந்தாளிட்டார். அதுதான் தப்பு. மடங்கிய துணி உள்ளேயிருந்த ஈட்டிகளை எல்லாம் ஒரே நேரத்தில் அனுப்பிவைத்தது. எழுந்து நின்று, ஃபாதர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்.

“ரோசலினை என் மனைவியாக ஏற்று… ஸ்ஸ்… ஆ!”

கோயில் அமைதியானது. மச்சான் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, வாயைத் திறக்காமல் நின்றார். ஃபாதர் மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். அந்த அமைதியில் அது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

“தம்பி, நிதானமா சொல்லுங்க. உங்களுக்கு சம்மதம்தானே? யாரும் கட்டாயப்படுத்தலையே?”

இரண்டாவது பெஞ்சிலிருந்து எனக்கு அக்காவின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. ஆறு வருடம் காத்திருந்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து வந்து நிற்கிறவள். அவளுக்குப் புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. எழுந்துபோய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன். இதில் மட்டும் எனக்கு இன்றுவரை சிரிப்பு வருவதில்லை.

“எனக்கு சம்மதம் ஃபாதர்” என்றார் மச்சான். “சிலுவாருதான் சம்மதிக்கல.”

முதலில் சிரித்தது ஃபாதர்தான். பிறகு கோயிலே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் நேராகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இருபத்தாறு வருடமாக என்னைத் தெரியும், அவ்வளவுதான்.

விருந்து மண்டபத்தில் மச்சான் என் பட்டு வேட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். நீல கோட்டும் பட்டு வேட்டியும் அவருக்குப் பொருத்தமாகவே இருந்தன. நான் பட்டுச் சட்டையும் விளையாட்டு சிலுவாருமாகக் குடும்பப் படங்கள் அத்தனையிலும் நிற்கிறேன். ஓரமாக நிற்கிறேன் என்றுதான் சொன்னேன். அக்கா என்னை இழுத்து நடுவில் நிறுத்தினாள்.

அம்மா அந்த சிலுவாரைக் குப்பைத்தொட்டிக்கு எடுத்துப் போகையில், பரிசுப் பொட்டலத்தோடு வந்த காக் சல்மா குறுக்கே விழுந்தார். “ஜாங்ஙான் புவாங்!” எறியாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். கைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். (கல்யாணத்துக்கு இடுக்கியோடு வருகிற ஒரே மனிதர் அவர்.) பிரியாணிக்குக் காத்திருந்த சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து, மாப்பிள்ளையின் சிலுவாரை உள்ளும் புறமும் பிடுங்கி, ஒரு காகிதத் தட்டு நிறைய விதை சேர்த்தார்கள். எங்கள் பதிவுத் தாளில் சேகரித்த முறை என்று ஒரு வரி உண்டு. கையால், வெட்டி, மற்றவை. காக் சல்மா கூச்சமே இல்லாமல் மற்றவை என்பதைக் குறித்து, எதிரே ‘மணமகன் சிலுவார்’ என்று எழுதினார். அந்தப் புட்டியைப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் நான்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

அதில் முளைத்தது கொஞ்சம்தான். ஆனால் முளைத்தது படர்கிற ஜாதி. மூன்றாவது வருடம் அந்த மொட்டை நிலத்தின் ஓடைப்பக்கச் சரிவு முழுக்கப் பச்சையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதற்கும் சட்டென்று சரி சொல்வதில்லை. காடி (கார்தான்) வாங்குவதா, வீடு மாறுவதா, இரவுக்கு மீ கோரெங் போதுமா, எதுவானாலும் “சிலுவார கேட்டியா?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அக்காவின் மகள் பள்ளியில் ஆசிரியரிடமே கேட்டுவிட்டு வந்தாள்.

போன மாதம் அக்கா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவைக் காட்டப் போனேன். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். மகள் ஓடினாள். மச்சான் தார்ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

“வாங்க மச்சான், எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க.”

“நீ போ லா” என்றார் அவர், சிலுவாரை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. “அதுங்களுக்கு என்னைய தெரியும்.”