வீட்டை ஏழையாக்கித் தருபவர்

இரண்டு கைகள் மின்விசிறியின் இறகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய சாரத் துணியில் சுற்றுகின்றன. பிறகு சுவர் மணிக்கூட்டை இறக்குகின்றன. அது தொங்கிய இடத்தில் வெளுப்பாகத் தெரியும் வட்டத்தின் மேல் அடுப்புக்கரியை, கூடாமலும் குறையாமலும், விரல் நுனியால் தேய்த்துவிடுகின்றன. ரீவிப் பெட்டிக்கு மேல் ஒரு நெல்லுச்சாக்கு. அலுமாரிக் கண்ணாடிக்கு மேல் ஒரு படங்கு. நல்ல கதிரைகள் பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டால் பக்கத்து வீட்டுக்குப் போக, கால் உடைந்த கதிரை ஒன்று அதே பொட்டால் உள்ளே வருகிறது. கைகள் அதை வாசலுக்கு நேரே வைத்து, கொஞ்சமாகச் சரித்துவிடுகின்றன. இப்போது பார்த்தால் கல்லும் கரையும்.

களவு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்காரியே பக்கத்தில் நின்று சாக்குப் பிடித்துக் கொடுக்கிறாள். இந்தக் கைகளுக்கு உரியவர் நம் மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் ஒழுங்கைக்கு ஒருவராவது வாழும் ஓர் இனத்தைச் சேர்ந்தவர். வறுமை ஒப்பனைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணப் பெண்ணைச் சோடிக்க ஆள் இருப்பதுபோல, அரசாங்க உத்தியோகத்தர் பார்க்க வரும் வீட்டைச் சோடிக்க இவர் இருக்கிறார். என்ன, இவருடைய சோடனை மறுபக்கமாக நடக்கும்.

எப்படி அடையாளம் காண்பது? யாருடைய பெயராவது நிவாரணக் கொடுப்பனவில் வெட்டுப்பட்டால் அந்த வீட்டுக்கு முதல் வருகிறவர் இவர்தான். மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வரும் முகத்தோடு வருவார். சலாம் சொல்வார், ஆனால் கண் கூரையில் இருக்கும். “இந்த ஃபான்தான் உங்களை வெட்டினது” என்பார். அது சீதனத்தோடு வந்த மின்விசிறியாக இருக்கலாம், சுற்றி எத்தனையோ காலம் ஆகியிருக்கலாம். அதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. “வறுமை இருந்தா மட்டும் காணாது, தெரிய வேணும்” என்பது அவர் கொள்கை. “அழாதேங்கோ, அழுதா நடிப்பெண்டு நினைப்பினம். மூக்கை மட்டும் உறிஞ்சுங்கோ” என்பது அவர் நுணுக்கம்.

காசு வாங்குவாரா? தொடமாட்டார். சீனி கூடின ஒரு பிளேன்ரீ, அதோடு “நீங்க இல்லாட்டி நாங்க என்ன செய்திருப்பம் நானா” என்று ஒரு வசனம். அவ்வளவுதான் கூலி.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், அவர் ஏழையாக்கும் வீடு ஏற்கெனவே ஏழை வீடுதான். ஆனால் ஏழைகளும் கூட்டித் துடைக்கிறார்களே, ஏழைகளும் சுவரில் மணிக்கூடு மாட்டுகிறார்களே, அதை என்ன செய்வது? ஏழை வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க வருகிறவரின் மனதில் ஒரு படம் இருக்கிறது. இவர் அந்தப் படத்தைத் தூக்கிவந்து வீட்டுக்குள் வைக்கிறார். பிழை யாருடையது? அதைப் பற்றிக் கதைக்க இவருக்கு நேரமில்லை, அடுத்த வீடு காத்திருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் இந்த இனத்தின் பெயர் றம்ஸீன் நானா, எல்லோருக்கும் அண்ணன். சாக்குப் பிடித்துக் கொடுத்தவள் நுஸ்ரியா. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறவள். கணவன் பிறருடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன். காற்று எழும்பி வள்ளங்கள் கரையேறினால் அந்த வீட்டில் தையல் மெசின் மட்டும்தான் ஓடும். பட்டினத்துக் கடைக்காரர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார்: துணியின் ஓரம் அடிக்க ஓவர்லொக் மெசின் ஒன்று உன்னிடம் இருக்குமென்றால் வருடம் முழுக்க ஓடர் தருவேன் என்று. கையால் ஓரம் அடித்துக் கடைக்குக் கொடுத்து முடியாது. ஆகவே சுயதொழில் உதவிக்கு எழுதிப் போட்டாள். அரசாங்கக் கந்தோரில் கொடுக்க மிச்சம் இருந்தது ஒரேயொரு மெசின். தொழில் செய்கிறாள் என்று உத்தியோகத்தர் கண்ணால் கண்டால் அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்தவளுக்கு.

“உதவிக்கு வீடு பாக்க வருவம்” என்று கந்தோரிலிருந்து சொன்னார்கள். அதை அவள் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு மைனிக்குச் சொன்னாள். றம்ஸீன் நானா கேட்டுவிட்டார்.

உதவி! தமிழில் அந்தச் சொல்லுக்கு ஆயிரம் பொருள் இருக்கட்டும். இந்த இனத்துக்கு ஒன்றே ஒன்று: நிவாரணம்.

“நானா, இது மற்றதில்ல. இது மெசினுக்கு...”

“மெசின் எங்க?”

“அந்தா மூலையில. அதைத்தான் நானா அவங்க பாக்க...”

“மெசின் இருந்தா வருமானம். வருமானம் இருந்தா வெட்டு. அங்கால பிடி.”

“தொழில் செய்யிற ஆக்களுக்குத்தான் குடுப்பினமாம்.”

“ஆர் சொன்னது? நான் எத்தினை வீடு செய்தனான் தெரியுமா? போன முறை நீ ஏன் வெட்டுப்பட்டனீ? வீட்டைப் பளிங்கு மாதிரி வச்சிருந்தபடியால. அப்பவும் சொன்னனான், கேட்டியா?”

அந்த இடத்தில்தான் நுஸ்ரியா சாக்கைப் பிடித்துக் கொடுத்தாள். போன முறை அவர் சொன்னபடியே வெட்டுப்பட்டவள் அவள். ஒரு முறை சரியாகச் சொன்னவன் பிறகு பிழையாகச் சொல்வதை நாம் எத்தனை முறை பொறுத்துக்கொள்கிறோம்! மெசின், அரைகுறையாய்த் தைத்த சட்டைகள், நூல் பெட்டி, சுற்றிவைத்த மின்விசிறி எல்லாம் படங்குக்குள் சுருண்டு நானா வீட்டுக்குப் போயின. கடைசியாக வேலி வாசல் படலையையும் கழற்றிவிட்டார். “கழுதை உள்ளுக்கு வந்து நிண்டா இன்னும் நல்லம்” என்றார். மன்னார்க் கழுதைகள் இதற்கெல்லாம் அழைப்பு எதிர்பார்ப்பதில்லை. அடுத்த நாள் காலையில் இரண்டு வந்து நின்றன.

அவற்றைச் சுற்றிக்கொண்டு உத்தியோகத்தர் கீர்த்திகா உள்ளே வந்தார். இளம் பெண். ஸ்கூட்டியில் வந்த தூசியைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தார். கரிச் சுவர். சாக்கு. சரிந்த கதிரை.

“அக்கா, எங்க இருந்து தைக்கிறனீங்கள்? மெசினைக் காணேல்ல?”

நுஸ்ரியா பதில் தேடுவதற்குள் வெறும் மீன்பையோடு ஓர் ஆள் தற்செயலாக வந்து சேர்ந்தார். இந்த இனத்துக்குத் தன் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காமல் இருக்க முடியாது.

“நான் சும்மா றோட்டால போனனான் மிஸ். கேட்டதுக்குச் சொல்றன். பாவம், இந்தப் பிள்ளைக்கு ஒரு தொழிலும் தெரியாது.”

“ஒண்டுமே தெரியாதோ?”

“ஊசியில நூல் கோக்கவும் தெரியாது மிஸ்.”

கீர்த்திகா கையிலிருந்த பேனையை மூடினார். “அப்ப ஓவர்லொக் மெசினை வச்சு என்ன செய்யப்போறா?”

“என்ன மெசின்?”

“நானா, நான் சுயதொழில் உதவிக்கு வந்தனான். தொழில் இல்லாத ஆளுக்கு நான் எப்பிடி எழுதுறது? சரி அக்கா, நான் அடுத்த வீட்டையும் பாக்க வேணும்.”

றம்ஸீன் நானாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் இந்த இனம் தோல்வியை ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. “தெரியாதெண்டது முந்தி மிஸ், சின்ன வயசில” என்று தொடங்கினார்.

“நானா!” நுஸ்ரியாவின் குரலில் ஒரு கழுதை காதை நிமிர்த்தியது. “நீங்க அந்த வாயை மூடிட்டு ஓடிப்போய் என்ட மெசினைக் கொண்டாங்கோ. மிஸ், நில்லுங்கோ. நான் இருந்து தைச்சுக் காட்டுறன். பாத்திட்டுப் போங்கோ.”

ஓடினார். மெசின் தோளில், சட்டைகள் கழுத்தில், நூல் பெட்டி அக்குளில். செய்வதைத் திருந்தச் செய்கிறவர் ஆனபடியால் இரண்டாம் நடையில் பக்கத்து வீட்டிலிருந்த நல்ல கதிரைகளையும், மூன்றாம் நடையில் மின்விசிறியையும் கொண்டுவந்து சேர்த்தார்.

“இது ஆர்ட ஃபான்?” என்று கேட்டார் கீர்த்திகா.

“எங்கடதான் மிஸ். சீதனத்தில வந்தது. சுத்தாது” என்றாள் நுஸ்ரியா.

கீர்த்திகா சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டார். நுஸ்ரியா சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த அடுப்புக்கரியைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினாள், வெள்ளைத் துணியாயிற்றே. இருந்தாள், கழுத்துப்பட்டியைப் பிடித்தாள், சில்லைச் சுற்றினாள். வளைவில் மெசின் நிற்கவுமில்லை, துணி சுருங்கவுமில்லை. கீர்த்திகா சட்டையை வாங்கி உட்பக்கம் புரட்டிப் பார்த்தார்.

“இவ்வளவும் கையால அடிச்ச ஓரமோ?”

“ஓம் மிஸ். அதுதான் விடிய விடியக் கிடந்து அடிக்கிறன்.”

கீர்த்திகா பேனையைத் திறந்து எழுதினார். பிறகு மெசினோடு படம் ஒன்று எடுக்க வேண்டும் என்று தொலைபேசியைத் தூக்கினார். படத்துக்குள் நானாவின் தலையும் வந்தது.

“நானா, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ. கழுதை நிண்டாப் பரவாயில்ல.”

மெசின் வந்தது. கடைக்காரரின் ஓடரும் வந்தது. யாரால் வந்தது? தேத்தண்ணிக் கடையில் கேட்டுப் பாருங்கள். “நான் வீட்டை அப்பிடிச் செய்து குடுத்தபடியாத்தான்” என்று நானா சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது அவர் தொழிலை விரித்துவிட்டார். சுயதொழில் வீடுகளும் செய்கிறார். நிலத்தில் நூல் துண்டு தூவுவார், வாசலில் பாதி முறுக்கிய கயிறு வைப்பார். ஒருநாள் நுஸ்ரியாவிடமே வந்தார்.

“உன்ட பழைய மெசினை ஒரு நாளைக்குத் தாவன். கொண்டச்சிப் பக்கம் ஒரு வீடு பாக்க வருகினமாம்.”

“அந்தப் பிள்ளைக்குத் தைக்கத் தெரியுமோ?”

“அதைப் பிறகு பாப்பம்.”

“தெரிஞ்சா நான் வந்து என்ட கையால குடுக்கிறன் நானா. தெரியாட்டி நீங்களே போய் இருந்து தைச்சுக் காட்டுங்கோ.”

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு நிவாரணமும் தேவையில்லை, மெசினும் தேவையில்லை, நானாவும் தேவையில்லை. சரி. மகளைப் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் முன்னறையில் கிடந்த சோபா யாருடையது? கனடாவிலிருந்து தம்பி வீடியோவில் வரும்போது, கூரை திருத்த வேண்டிய மாதத்தில் ஒழுகும் மூலைப்பக்கமாகவும், அவன் மனைவி வீட்டார் பக்கத்தில் இருந்தால் புதுத் தீந்தை பூசிய சுவர்ப்பக்கமாகவும் உங்கள் தொலைபேசி தானாகவா திரும்புகிறது?

பதில் சொல்ல அவசரமில்லை. அதோ வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். எழும்புங்கள். காயப்போட்ட உடுப்பை அள்ளிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுங்கள். மேசைத் துணியின் கிழிசலுக்கு மேல் பூச்சாடியை நகர்த்துங்கள். இரண்டடி பின்னே போய் ஒருமுறை பாருங்கள். ம், சரி. இனிக் கதவைத் திறந்து, செய்து முடித்த வீட்டை வந்தவரிடம் ஒப்படையுங்கள்:

“வாங்கோ, வாங்கோ. வீடு போட்டது போட்டபடி கிடக்குது, குறை நினைக்காதேங்கோ.”