மார்ச்சில் பிறந்தவளுக்கு ஆகஸ்ட்டில் கேக்

நான் திருடியதில்லை. குடித்துவிட்டு ரகளை செய்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதும் அடையாள அட்டை தொலைந்தபோது ஒரே ஒரு தடவைதான். ஆனால் பெற்ற மகளுக்குப் பொய்யாக ஒரு பிறந்தநாள் வைத்து, அதற்கு முப்பத்தைந்து பேரை வீட்டுக்கு வரவழைத்தவன் நான். இதை என் வாயால் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. (என் மனைவிக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. மறுநாள் காலையிலேயே எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.)

அப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். கூட வேலை செய்த ஒருவர், "சும்மா வந்து கேளுங்க, பிடிக்கலேன்னா எழுந்து வந்துரலாம்" என்று ஓர் ஓட்டல் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். மேடையில் ஒருவர், "இன்னும் எத்தனை வருஷத்துக்கு அடுத்தவன் மெஷினுக்கு எண்ணெய் ஊத்தப் போறீங்க?" என்று கேட்டார். அன்று காலையில்தான் நான் மெஷினுக்கு எண்ணெய் ஊற்றியிருந்தேன். முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் அவர் என்னை மட்டும் பார்த்துத்தான் கேட்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன்.

விற்கவேண்டிய பொருள் ஒரு லாக்கெட். ஐம்பது சென் காசு அளவில் ஒரு கறுப்புக் கல். கழுத்தில் போட்டால் ரத்த ஓட்டம் சீராகுமாம். தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கம் வருமாம். பெட்ரோல் தொட்டியில் ஒட்டினால் எண்ணெய் மிச்சமாகுமாம். ஒரே கல்லுக்கு எப்படி இத்தனை வேலை தெரியும் என்று நான் கேட்கவில்லை. சமையலறைக் கூரை மாற்ற ஒதுக்கி வைத்திருந்த பணத்தில், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அறுபது லாக்கெட் வாங்கினேன். என்னை 'சில்வர்' தகுதிக்கு உயர்த்திக் கைகுலுக்கினார்கள்.

அன்றிலிருந்து பிடித்தது பயம். என் மனைவி கலா, "கூரைக்காரர் எப்பங்க வர்றாரு?" என்று வாரத்துக்கு இரண்டு முறை கேட்பாள். "அவருக்கு வேலை ஜாஸ்தியாம்" என்பேன். மழை பெய்தால் சமையலறையில் மூன்று வாளி வைக்கவேண்டும். ஒவ்வொரு வாளியிலும் சொட்டும் சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்கும். வானம் லேசாகக் கறுத்தாலே வாளிகளை நானே எடுத்து வைத்துவிடுவேன்.

கல்லை விற்கவும் ஆள் சேர்க்கவும் நூறு பேரின் பெயரைப் பட்டியல் போடச் சொன்னார்கள். நாற்பதாவது பெயர் முடிதிருத்துபவர். அறுபத்து மூன்றாவது, தண்ணீர் மீட்டர் பார்க்க வருபவர். மூன்றே மாதத்தில் நூறு பேரும் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். புக்கிட் செலம்பாவ் கோயில் திருவிழாவில் என் சொந்தச் சித்தப்பா என்னைத் தூரத்தில் பார்த்ததும் செருப்பைக்கூடப் போடாமல் வேகமாக நடந்து போனார். (அந்தச் செருப்பை நான்தான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார்கள்.)

மாதக் கடைசிக்குள் நான்கு பேரைச் சேர்க்காவிட்டால் என் 'சில்வர்' போய்விடும், போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் வழியும் அடைந்துவிடும் என்று எனக்கு மேலே இருந்த ஜீவா சார் சொன்னார். அவர் 'டைமண்ட்'. பினாங்கிலிருந்து போனில் பேசுவார்.

"கவலைய விடுங்க கணேசன். ஞாயித்துக்கிழமை நானே உங்க வீட்டுக்கு வந்து பேசறேன். நீங்க ஆளுங்கள மட்டும் கூட்டுங்க. பிசினஸ்னு சொல்லாதீங்க. ஏதாவது நல்ல காரியம்னு சொல்லுங்க."

முதல் போன் என் மச்சான் மணியத்துக்கு. கலாவின் அண்ணன்; தங்கைக்கு ஏதோ என்று நினைத்துப் போனை எடுத்தார். கோத்தா கோலா மூடாவில் மீன் லோரி ஓட்டுபவர். மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஒருவராக உட்காருவார்.

"மறுபடியும் அந்தக் கல்லா மாப்ளே?" என்றுதான் ஆரம்பித்தார்.

"இல்ல மச்சான், வந்து…" என்று இழுத்தேன். சுவரில் என் மகள் யாழினியின் போட்டோ இருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "யாழினிக்குப் பொறந்தநாளு. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு."

"பாப்பாவுக்கா? அத மொதல்லயே சொல்லவேண்டியதுதானே லா! வந்துர்றேன்."

மச்சானுக்குத் தேதி ஞாபகம் இருக்காது என்பது தெரியும். ஆனால் யாருக்குமே ஞாபகம் இல்லை என்பதை அடுத்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். என் போனை எடுக்காதவர்கள்கூட, பிறந்தநாள் என்று செய்தி அனுப்பியதும் பூவும் பலூனுமாகப் பதில் போட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் சந்தோஷம் ஒரு நிமிடம், பயம் ஒரு மணி நேரம். கலாவிடம் சனிக்கிழமை சொல்வதாகத் திட்டம். சனிக்கிழமை அவள் நல்ல மனநிலையில் இருந்தாள், கெடுக்க மனம் வரவில்லை. ஞாயிறு காலை சொல்லலாம் என்று எழுந்தால், அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்விட்டிருந்தாள்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தவள் காய்கறிப் பையைத் தரையில் வைத்தாள். உட்காரவில்லை.

"என்னங்க, யாழினி எந்த மாசம் பொறந்தா?"

"மார்ச்."

"இது என்ன மாசம்?"

"ஆகஸ்ட்."

"பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, பாப்பாவுக்கு எந்த அளவு கவுன் வாங்கறதுன்னு கேக்கறாங்க. மூணு மணிக்கு நம்ம வீட்ல என்னங்க?"

பாதி உண்மையைச் சொன்னேன். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கொஞ்ச நேரம் பேசுவார், அவ்வளவுதான் என்றேன். கூரையைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "வர்றவங்கள வெறும் வயித்தோட அனுப்ப முடியாது. போய் அஞ்சு பாக்கெட் மீகூன் சேமியா வாங்கிட்டு வாங்க. அப்படியே ஒரு கேக்கும்" என்றாள். பதினைந்து வருடத் திருமண வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான அமைதியை நான் பார்த்ததில்லை.

கேக் கடையில் மெழுகுவர்த்தி எந்த நம்பர் என்று கேட்டார்கள். ஏழு முடிந்து ஐந்து மாதம். எட்டு வாங்கினால் பொய், ஏழு ஏற்கெனவே ஊதியாகிவிட்டது. நம்பர் இல்லாததாக ஒன்று வாங்கினேன். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரே பொய் அதுதான்.

வீட்டில் பலூனைப் பார்த்ததும் யாழினி ஓடி வந்தாள். "அப்பா, எனக்கு இன்னிக்குப் பொறந்தநாளா? மார்ச்சுல வந்துச்சே?"

"சில பேருக்கு ரெண்டு தடவை வரும்மா."

கொஞ்சம் யோசித்தாள். "நம்ம நாட்டு மாமன்னருக்கு மாதிரியா? டீச்சர் சொன்னாங்க, அவருக்கு நெஜமா பொறந்த நாள் வேற, ஸ்கூலுக்கு லீவு விடற பொறந்தநாள் வேறயாம்."

"ஆமா, அதே மாதிரிதான்" என்றேன். அதன்பிறகு அவள் நடந்த நடையே வேறு.

மூன்று மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். சொந்தக்காரர்களை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும், ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. அன்றைக்கு வந்தார்கள். செருப்பு விட்டுவிட்டு ஓடிய சித்தப்பாகூடப் பெரிய பொம்மையோடு வந்திருந்தார். மணியம் மச்சான் மீன் லோரியைக் கேட் முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து ரோஸ் நிறச் சைக்கிள் ஒன்றை இறக்கினார். "மீன் வாடை ரெண்டு நாள்ல போயிரும் பாப்பா" என்றார். அந்தச் சைக்கிளை நான்தான் பரிசு மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் ஜீவா சார் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் வெயிலில் கறுப்புக் கோட்டு. மினுமினுக்கும் டை. கையில் பெரிய கறுப்புப் பெட்டி.

மச்சான் என் காதருகே குனிந்தார். "மாப்ளே, மேஜிக்காரன எல்லாம் கூப்பிட்டிருக்கே! ஒம்மேல எனக்கு மதிப்பே வந்துருச்சு லா."

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சிரித்து வைத்தேன். இரண்டே நிமிடத்தில் பிள்ளைகள் எல்லாம் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கேக் வெட்டினோம், பாட்டுப் பாடினோம். ஜீவா சார் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டி, புரொஜெக்டரைப் போட்டு, தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே! உங்க வாழ்க்கைய மாத்தப் போற ஒரு பொருள் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. என்னன்னு தெரியுமா?"

"முயலு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். வீடே கைதட்டியது. ஜீவா சாருக்கு இப்படி ஒரு வரவேற்பு வேறெங்கும் கிடைத்ததில்லை போல. முகம் மலர்ந்துவிட்டது.

அவருடைய சோதனை இது: ஒருவரை ஒற்றைக்காலில் நிற்கவைத்து, நீட்டிய கையைக் கீழே அழுத்துவார், அந்த ஆள் சாய்ந்துவிடுவார். பிறகு கழுத்தில் லாக்கெட்டை மாட்டி அழுத்துவார், அந்த ஆள் அசையமாட்டார். எங்கள் வீட்டில் எத்தனையோ ஒல்லியான ஆட்கள் இருந்தார்கள். அவர் மணியம் மச்சானைக் கூப்பிட்டார்.

லாக்கெட் இல்லாமல் அழுத்தினார். மச்சான் அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். கடைசியில் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கியேவிட்டார். தினமும் ஐஸ் பெட்டி தூக்குகிற கை. "அண்ணே, கொஞ்சம் லூசா நில்லுங்கண்ணே" என்று கெஞ்சினார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். 

பிறகு லாக்கெட்டை மாட்டி அழுத்தினார். மச்சான் "ஆ!" என்று கத்திக்கொண்டு அப்படியே சோபாவில் விழுந்தார். சோபாவின் ஒரு கால் உடைந்தது. (பாவம், பிழைப்புக்கு வந்த ஆள் பிள்ளைகள் முன்னால் அசிங்கப்படுகிறாரே என்று இரக்கப்பட்டு விழுந்தாராம். எப்போது விழவேண்டும் என்பது அவருக்குத் தெரியாதே!)

குழம்பிப்போன ஜீவா சார் அவசரமாக விண்ணப்பப் பாரங்களை எடுத்து நீட்டினார். அதிர்ஷ்டக் குலுக்கல் என்று நினைத்து எல்லாரும் ஆர்வமாக வாங்கிப் பேனா தேடினார்கள். கிளினிக்கில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற லெட்சுமி அக்கா மட்டும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கணேசா, இதுல பேங்க் நம்பர் கேக்கறாங்களே. பலூன் குடுக்கறதுக்கா?"

"நம்ம சில்வர் கணேசன் உங்ககிட்ட விஷயத்த சொல்லலையா?" என்றார் ஜீவா சார். "இது ஒரு வியாபார வாய்ப்பு. அவரே நம்பிக்கையோட அறுபது லாக்கெட் எடுத்து வச்சிருக்காரு!"

 கரண்டியோடு சமையலறை வாசலில் நின்ற கலா, "அறுபதா?" என்றாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி ஒழுகும் கூரையைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. மச்சான் சோபாவிலிருந்து எழுந்தார். "அப்ப பொறந்தநாளு?" என்று கேட்டார்.

நான் கேக் வெட்டிய கத்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். 

யாழினி என் முகத்தைப் பார்த்தாள், அவள் அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், பரிசு மேசையிலிருந்து அந்தப் பெரிய பொம்மையை எடுத்துவந்து சித்தப்பா மடியில் வைத்தாள். "சாரி தாத்தா. இன்னிக்குப் பொறந்தநாள் இல்லையாம்." அடுத்து லெட்சுமி அக்காவிடம் கவுன். ஒவ்வொன்றாக, அழாமல், வரிசையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மெஷினுக்கு எண்ணெய் ஊற்றுவதே எவ்வளவு கௌரவமான வேலை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மச்சானிடம் வந்தாள். அவர் அவள் முன்னால் மண்டியிட்டார்.

"யார் சொன்னா இல்லேன்னு? கேக் வெட்டினோமா? பாட்டுப் பாடினோமா? மாமா சோபாவ ஒடச்சேனா? அப்ப இன்னிக்குப் பொறந்தநாள்தான். ஒங்கப்பன் சொன்னதுல இது ஒண்ணுதான் உண்மை."

சித்தப்பா பொம்மையைத் திரும்ப அவள் கையில் கொடுத்தார். எல்லாரும் அப்படியே செய்தார்கள். பாரங்களை மச்சான் வாங்கி நான்காகக் கிழித்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைச் சுற்றி உட்கார்ந்து, என்னோடு பேசாமல், மீகூன் சாப்பிட்டார்கள்.

ஜீவா சார் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கலா அவர் முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள். "சாப்பிட்டுப் போங்க." அவர் கோட்டைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டார். "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல கணேசன்" என்றார் தாழ்ந்த குரலில். திரையில் தன் பெரிய வெள்ளை மோட்டார்காடியின் படத்தைக் காட்டியிருந்தாரே, அது எங்கே என்று கேட்டேன். தவணை கட்டவில்லை என்று பேங்கில் திரும்பக் கொண்டுபோய்விட்டார்களாம். வந்தது பஸ்ஸில். மச்சான்தான் அவரை மீன் லோரியில் ஏற்றிப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். டைமண்ட், கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மீன் வாடையில் போனார்.

அடுத்த வருடம் அந்தக் கம்பெனியே இல்லை. கலா என்னோடு பதினேழு நாள் பேசவில்லை. பதினெட்டாம் நாள் மழை வந்தது. "வாளி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு, ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. கூரையை ஆறு மாதம் கழித்து, ஓவர்டைம் செய்து மாற்றினேன். முப்பத்தைந்து பேர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். பாதிப்பேர் முதலில் என் கையில் பை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

யாழினிக்கு இப்போது பதினெட்டு. மார்ச்சில் வாழ்த்த மறப்பவர்கள்கூட ஆகஸ்ட்டில் மறப்பதில்லை. அவளும் இரண்டுக்கும் பரிசு வாங்கிவிடுவாள். எனக்குத்தான் விடிவில்லை. போன மாதம் குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன் என்று பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தேன். படுக்கையிலிருந்து மச்சானுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் லோரி எஞ்சினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஆப்பரேஷன் நெஜமா மாப்ளே? இல்ல, நாங்க வந்து உக்காந்த பின்னாடி கோட்டு போட்ட ஆளு வருவாரா?"

சாயங்காலம் எல்லாரும் வந்துவிட்டார்கள், பழமும் பிஸ்கட்டுமாக. நலம் விசாரிப்பதற்கு முன்னால் மச்சான் என் கட்டிலைச் சுற்றியிருந்த திரைச்சீலையை விலக்கி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார். வேடிக்கைக்காகத்தான் பார்த்தார் என்று கலா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.