ஆறவிடாத மருந்தும் மணல் கக்கிய கண்ணும்

அது செவ்வாயா வெள்ளியா, எனக்கு உறுதியில்லை. குருக்கள்மடத்து வெயில் நினைவிருக்கிறது. வெற்றிலையோடு நின்ற கூட்டம் நினைவிருக்கிறது. அதில் நானும் நின்றேனா? நிற்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன்.

கண்மணிச் சாமியார் வெற்றிலையைக் கண்ணில் வைத்து மந்திரம் ஊதுவார். எடுத்தால், இலையில் மணல்! யாரோ செய்த சூனியமாம். தங்கள் கண்ணில் எவ்வளவு மணல் என்று பார்க்கவே கல்முனையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். கண் நோகாதவர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் மணல் இருந்தது. சாமியார் பாரபட்சம் பார்ப்பதில்லை.

கூட்டத்தில் நின்ற அன்னப்பூரணிக்குக் கண் அழுத்த நோய். ஒரு கண் போய்விட்டது. மற்றதற்குத் திங்கட்கிழமை ஒப்பரேஷன். கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிய டாக்டர் ஒரு சிறு வாய் வெட்டுவார். அது தழும்பு விழுந்து மூடாமலிருக்க, அந்த இடத்தில் சில நிமிடம் ஒரு மருந்து வைப்பார். அன்னப்பூரணி இதை அப்படியே சாமியாரிடம் ஒப்புவித்தார்.

தடித்த மூக்குக்கண்ணாடிக்குள் சாமியாரின் விழிகள் உருண்டன.

"புண் ஆறாமக் கிடக்க மருந்தா? அது வைத்தியமில்ல புள்ள, சூனியம்! ஒப்பரேஷன விடு."

"ஓம் சாமி, போகமாட்டன்."

கூட்டம் கைதட்டியது. மாரி வெள்ளம் வட்டை வயலை மூடாதிருக்க வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டு, கடல் அதை மறுபடி அடைத்துவிடக் கூடாதென்று நேர்ந்துகொள்ளும் அதே கூட்டம்தான்.

அன்னப்பூரணியின் தம்பி அழகரத்தினம், வாவியில் வலை வீசுபவர், முன்னால் வந்தார்.

"பொறு அக்கா. சாமி, எனக்கும் இடக்கண் சரியில்ல. ஒருக்காப் பாருங்க."

வெற்றிலை. ஊதல். ஒரு சிட்டிகை மணல்.

"கடும் சூனியம், மகன். எடுத்திட்டன். இப்ப வடிவாத் தெரியிதா?"

"தெரியல்லயே சாமி."

"வேர் கிடக்கு. நாளைக்கும் வா."

"நான் எதுக்கு? நீங்களே வெச்சிருந்து ஆறுதலாப் பாருங்க."

அழகரத்தினம் கண்ணைக் கழற்றி வெற்றிலையில் வைத்தார்.

பொய்க்கண். பளபளவென்று சாமியாரையே பார்த்தது. சாமியாரின் விரலிடுக்கிலிருந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கோய், இதே அழுத்தத்துக்கு ஆராரோ தந்த எண்ணெய விட்டுத்தான் என்ட கண் போச்சு. முகத்துவாரம் அடைபட்டா வட்டை என்னாகும்?"

"வெள்ளத்துல தாண்டு போகும்."

"கண்ணும் அப்பிடித்தான்."

அன்னப்பூரணி திங்கட்கிழமை போனார். வெட்டிய வாய் மூடவில்லை, அழுத்தம் இறங்கியது, இருந்த பார்வை தங்கியது. போனது வரவில்லை, வருமென்று டாக்டர் சொல்லவுமில்லை. பொய்க்கண் கழுவப்பட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பியது. சாமியார் இப்போது வாகரையில், முழங்கால்களிலிருந்து சிப்பி எடுக்கிறார். கூட்டம் வழி விசாரித்துக்கொண்டிருக்கிறது. விசாரிக்கிறவர்கள் இதையும் விசாரியுங்கள்: ஊரார் கண்ணையெல்லாம் துலக்கியவருக்கு எதற்கு மூக்குக்கண்ணாடி?