பேர் சொல்லிக் கூப்பிடணும்

மேஸ்திரி முத்துராமலிங்கத்தின் தூக்குச்சட்டி அப்பளமாகக் கிடந்தது. பின்பக்கமாக நகர்ந்து வந்த ஜல்லி லாரி அதன்மேல் ஏறி இறங்கியிருந்தது. சட்டியை எடுக்கப் போன மனிதர் ஒரு அடி தள்ளி நின்றதால் பிழைத்தார். பழைய சோறும் சுண்டவத்தலும்தான் போச்சு.

“டேய் இராமு, பின்னால ஆளு நிக்கிறது தெரியலையா?”

“எனக்குக் கண்ணு முன்னாலதான இருக்கு மேஸ்திரி? நீங்க ‘ஓல்டான், நிறுத்து’ன்னு கத்துறதும் இஞ்சின் சத்தத்துல கேக்க மாட்டேங்குது” என்றான் டிரைவர்.

நாச்சியாபுரம் ரோட்டுக்குத் தார் போடுகிற வேலை. கூடை சுமக்கிற பெண்களும் மண்வெட்டி ஆட்களும் நாள் முழுக்க லாரியின் முதுகுப் பக்கமே நின்றார்கள். “ஒருத்தருக்கு அடிபட்டாலும் நீ வீட்டுக்குப் போயிரு” என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மேஸ்திரியின் பயம் அதோடு நிற்கவில்லை. அத்தனை பேரையும் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தவர் அவர்தான். ஒருத்தருக்குக் கால் போனால் அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

முதலில் ஒரு மாட்டு மணியை லாரியின் பின்பலகையில் கட்டினார். லாரி நகர்ந்தால் மணி அடிக்கும், ஆட்கள் விலகுவார்கள் என்று கணக்கு. பாழாய்ப்போன மணி முன்னால் போகும்போதும் அடித்தது. குச்சி ஐஸ் வந்துவிட்டதென்று நாச்சியாபுரத்துப் பிள்ளைகள் லாரியைத் துரத்திக்கொண்டே வந்து வேலை நடக்கிற இடத்தில் நின்றன. அதுவரை லாரிக்குப் பின்னால் பெரியவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

மணியைக் கழற்றிவிட்டு விசில் வாங்கி வந்தார். ஊதினார். இராமு லாரியை நிறுத்தினானோ இல்லையோ, அந்த வழியாகப் போன பஸ் நின்றது. மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் போகிற கூட்டம் மடமடவென்று இறங்கியது. “கோபுரத்தைக் காணோமே?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பெரியவர் லாரிக்குப் பின்னால் போய் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். கண்டக்டர் விசிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

“இனிமே வாய்தான்” என்றார் மேஸ்திரி.

லாரி பின்னால் வரும்போது, “மாமா, தள்ளு!” என்று கூடை சுமக்கிற அக்கம்மாள் கத்தினாள். அங்கே எல்லோரும் சொந்தக்காரர்கள். அவளுக்கு மாமன் முறை ஆகாத ஆம்பளையைத் தேடிப் பிடிக்க வேண்டும். “யாரைச் சொல்றா?” என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர, ஒரு ஆளும் நகரவில்லை.

அப்போதுதான் நாகவல்லி கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள். வேலைக்கு வந்ததிலிருந்து வாயைத் திறந்து பேசியதில்லை.

“பேர் சொல்லிக் கூப்பிடணும் மேஸ்திரி. பொதுவாக் கத்துனா ஆளாளுக்கு அடுத்தவுகளைன்னு நெனச்சுக்குருவாக. அந்த வேலையை எனக்குக் குடுங்க. கூடையும் சேத்துச் சொமக்குறேன்.”

“சரி. ஆனா பேரைத் தவிர வேற ஒரு வார்த்தை வரக் கூடாது.”

“வீரையா! சோணை! அழகு!” பேர் காதில் விழுந்ததுமே ஆள் துள்ளி விலகினார். மேஸ்திரி அதைத் தன் சொந்த யோசனை என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிக்கொண்டார்.

பிறகு கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒரு புது ஆள் வந்தான். எலும்பும் தோலுமாக ஒரு இளவட்டம்.

“இந்தா நாகவல்லி, இவன் பேரு சின்னக்கருப்பு. மனசுல வச்சுக்க.”

அவள் முகம் வாடிப்போனது. “இவரை ஜல்லி உடைக்கிற பக்கம் போடுங்க மேஸ்திரி. லாரிப் பக்கம் வேண்டாம்.”

“ஏன்?”

“காரணம் கேக்காதீக.”

“நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா? ஒங்க ஊர்ப் பகையெல்லாம் ரோட்டுக்குக் கொண்டாராத.”

மத்தியானம் லாரி பின்னால் வந்தது. சின்னக்கருப்பு முதுகைக் காட்டிக்கொண்டு ஜல்லியை இழுத்துக்கொண்டிருந்தான்.

“இந்தாங்க! இந்தாங்க! தள்ளுங்க!” நாகவல்லி தொண்டை கிழியக் கத்தினாள். மேஸ்திரி திரும்பினார். அழகு திரும்பினான். சின்னக்கருப்பு திரும்பவில்லை. அவள் கூடையை வீசிவிட்டு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உயிர் தப்பியது. கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

“பேரைச் சொல்றதுதான ஒன் வேலை? எங்க போச்சு வாயி? இனிமே இந்தப் பக்கம் வராத!” என்று மேஸ்திரி கத்தினார். அவள் வீசிய கூடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடந்தவனிடம் மேஸ்திரி கேட்டார். “ஏண்டா, அவ அம்புட்டுக் கத்துனாளே, காதுல விழலையா?”

“விழுந்துச்சு மேஸ்திரி. பொறந்ததுல இருந்து என்னைய ஒருத்தரும் ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டதில்ல. ஒங்களத்தான் கூப்பிடுதுன்னு நெனச்சேன்.”

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சி கொண்டுவந்திருந்த அக்கம்மாள் சிரிக்கவில்லை.

“அவ புருஷன் பேரும் சின்னக்கருப்புதான் மேஸ்திரி.”

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. காலையிலேயே இவனை ஜல்லி உடைக்க அனுப்பியிருந்தால் இந்தக் கட்டு இல்லை. அவளையும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். மனசு கிடந்து அடித்துக்கொண்டாலும் வாய் இறங்கி வரவில்லை.

“இருந்துட்டுப் போகட்டும். ஆபத்துக்குக்கூடவா சொல்லக் கூடாது? செத்துப்போனவன் எந்திரிச்சு வந்து, ஏன் எம் பேரைச் சொன்னேன்னு கேக்கப் போறானா?”

அக்கம்மாள் கஞ்சிச் சட்டியை மூடினாள்.

“உசுரோட இருந்தப்பவே சொல்லலையே மேஸ்திரி. வேற மேஸ்திரிகிட்டப் பாத்த போன ரோட்டு வேலையில அவுகளுக்குப் பின்னால லாரி வந்தப்பவும், இதே ‘இந்தாங்க, இந்தாங்க’தான். அங்க நின்ன ஆம்பளைக எல்லாரும் திரும்பிப் பாத்தாக. அவ புருஷன் மட்டும் பாக்கலை.”