தண்ணீரில் கரைந்த தேனும் சம்பந்தி மரியாதையும்

செவிலிமேடு, காஞ்சிபுரம்

மதிப்புக்குரிய வாலாஜாபாத் சம்பந்தி கலியாணசுந்தரம் அவர்களுக்கு முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதியது. இங்கு நானும் அம்சாவும் நலம். தங்கள் வீட்டில் என் மகள் சிம்ரனும், அவள் வயிற்றிலிருக்கும் நம் பேரக்குழந்தையும், தங்கள் சந்தேகங்களும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

என் வீட்டு மொட்டைமாடியில் நான் வளர்க்கும் தேனீக்களின் தேனை உறவினர் முன்னிலையில் தண்ணீரில் ஊற்றினீர்களாம். அது கரைந்துபோனதாம். "இன்னாபா இது, வெல்லப் பாகு. இத தேனுன்னு அனுப்புறவங்க வீட்டுக்குப் பொண்ண எப்டி பிரசவத்துக்கு அனுப்புறது?" என்றீர்களாம். கல்யாணப் பட்டுப்புடவையிலேயே ஒரு நூலை உருவிக் கொளுத்தி, அசல் பட்டா என்று முகர்ந்தவர் தாங்கள். ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்றும் பார்த்தீர்கள். காஞ்சிபுரத்தில் பெண் எடுத்தவர் செய்ய வேண்டியதுதான். ஆனால் சம்பந்தி, நம் நாட்டுத் தேனீயின் தேன் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும், லேசாகப் புளிக்கவும் செய்யும். கெட்டியாக இருப்பதுதான் அசல் என்றால் ரோட்டுக்குப் போடும் தார்கூட அசல் தேன்தான்.

இதை நிரூபிக்க வீடியோ எடுக்கலாம் என்று சாம்பிராணிப் புகை போட்டுப் பெட்டியைத் திறந்தேன். செல்போனைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு நசீருதீன் பாய் கொட்டு வாங்கிக்கொண்டு கீழே ஓடினார். "உன் சம்பந்திக்கு நானே சத்தியம் பண்றேம்பா, மொதல்ல பெட்டிய மூடு" என்று தெருவில் நின்று கத்தினார். மூடியிருக்கலாம். மறுநாளும் திறந்தேன், அதற்கு மறுநாளும். இந்த ஜாதித் தேனீக்கு ஓயாமல் நோண்டினால் பிடிக்காது, கூட்டத்தோடு கிளம்பிவிடும். கிளம்பிவிட்டது. என் மகளுக்கும் அந்தச் சுபாவம் உண்டு என்பதைத் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராவிட்டால் எனக்கும் அம்சாவுக்கும் சோறு இறங்காது.

போகட்டும். மிச்சமிருந்த தேனடையைப் பிழிந்து ஒரு பாட்டில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இது தாங்கள் விரும்பியபடியே கெட்டி. ஊற்றினால் நேரே அடியில் போய் உட்காரும். என் தேனீக்கள் மேல் சத்தியமாக என் வீட்டுத் தேன். பார்த்துத் திருப்தியடைந்து, வளைகாப்பு முடிந்த கையோடு சிம்ரனை அனுப்பி வைக்கவும்.

சம்பந்தியம்மா கிருஷ்ணவேணிக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
முனிரத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சிம்ரன் போன் செய்தாள். "அப்பா, அந்தத் தண்ணித் தேன அத்த தோசைக்கு ஊத்திக்கினே காலி பண்ணிட்டாங்க. இன்னொரு பாட்டில் குடுத்தா மாமாகிட்ட பேசி, அவங்களே என்னைக் கொண்டாந்து வுடுறாங்களாம். அதே தேன்தான் வேணுமாம்பா" என்றாள். என் பெட்டி காலி. ஆகவே மேலே செய்த சத்தியத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். பார்சலை என் தேனின் ருசி தெரிந்த சம்பந்தியம்மா கண்ணில் காட்ட வேண்டாம். அது தங்கள் வாலாஜாபாத் கடைத்தெருவில் வாங்கியது.