கை படாத வீடு

அந்த அம்மாளை எப்படியாவது வீட்டை விட்டுத் துரத்திவிடுவது என்று தையல்காரர் தீர்மானம் எடுத்தபோது காலை மணி ஆறு. அவர் தரையில் கிடந்தார். கட்டில் அவரைக் கொட்டிவிட்டிருந்தது. வண்டி மணலைக் கொட்டுமே, அப்படி. முதலில் தலைமாட்டைத் தூக்கியது. அப்புறம் ஒரே குலுக்கு. போர்வை தானாக நாலாய் மடிந்து தலையணைமேல் ஏறி உட்கார்ந்து, அவரைக் குனிந்து பார்த்தது.

"எழுந்துட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"எழுந்திரிக்கலடி. இறக்கிட்டாங்க!"

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாவம், கட்டில்மேல் பழி விழும்.

தையல்காரருக்கு வீட்டின் முன்னறைதான் கடை. கடையில் அவர் ஒழுங்கென்றால் ஒழுங்கு. கத்தரிக்கோல் அதன் ஆணியில். அளவு நாடா கழுத்தில். நூல்கண்டுகள் நிறம் பார்த்து வரிசையில். கடையில் ஊசி விழுந்தால் தேடி எடுப்பார். வீட்டுக்குள் தலையணை விழுந்தால் தாண்டிப் போவார். நடுவில் இருந்தது ஒரே ஒரு கதவுதான். அதைத் தாண்டினால் ஆள் வேறு.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உள்ளே எல்லாவற்றையும் அவருடைய அக்கா பார்த்துக்கொண்டாள். கல்யாணமே வேண்டாம் என்று தம்பியை வளர்த்தவள். தம்பி பெரியவனானதும் விட்டாளா? தம்பி குடும்பத்தையும் எடுத்து வளர்த்தாள். ரொட்டிக்கடையில் வேலை பார்த்த மனைவி நிம்மதியாக வேலைக்குப் போனாள். பெரிசு, நடுசு, கடைசி என்று மூன்று பிள்ளைகள். மூன்றும் அத்தை தொண்டையைக் கனைத்தால் பல் விளக்கும்.

அந்த அக்கா நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். மூன்றே நாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் தையல்காரர் கூடத்தின் நடுவில் நின்று, குரல் உடைந்து ஒரு சட்டம் போட்டார்.

"அக்கா எதை எங்க வெச்சாளோ அது அங்கயேதான் இருக்கணும். யார் கையும் படக் கூடாது!"

எல்லோரும் அழுதுகொண்டே தலையாட்டினார்கள். அந்த வீட்டில் எல்லாவற்றையுமே வைத்தது அக்காதான் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது.

துடைப்பம் அக்கா சாத்தி வைத்தது. கூட்டக் கூடாது. சீப்பு அக்கா செருகி வைத்தது. பெரிசு தலை சீவவில்லை. கொடியில் துணி காயப் போட்டது அக்கா. அது நாலு மாதமாகக் காய்ந்துகொண்டே இருந்தது. புதுத் தட்டு வாங்கினார்கள். கழுவும் நார் அக்கா வைத்த நாராயிற்றே! தட்டுகள் மேலே மேலே ஏறி, ஜன்னலை மறைத்தன. நடுசு ஒரு காலில் காலுறை, மறு காலில் கையுறை போட்டுப் பள்ளிக்கூடம் போனான். கடைசி மேஜைக்கு அடியில் குடியேறிவிட்டாள். அழைத்தால் நாய் மாதிரி குரைத்தாள்.

"அண்ணி மேல எனக்கு மட்டும் பாசம் இல்லையா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். "ஆனா அந்தத் துடைப்பம் என்னங்க பண்ணுச்சு?"

"அது அக்கா சாத்தி வெச்சது."

"மறுநாள் எடுக்கத்தானே சாத்தி வெச்சாங்க?"

தையல்காரர் அழ ஆரம்பித்தார். பதில் இல்லாதபோதெல்லாம் அவர் அழுதார். நிஜ அழுகைதான், அதில் கலப்படம் கிடையாது. ஆனால் அழுது முடித்ததும் போய்ப் படுத்துக்கொள்வார். துக்கம் எங்கே முடிகிறது, சோம்பல் எங்கே ஆரம்பிக்கிறது, நடுவில் எந்த இடத்தில் தையல் போட்டிருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை நேரம், மனைவி அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு வந்தாள்.

குட்டையான உருவம். கையில் ஒரு முக்காலி. வேறு மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. குப்பைக்கு நடுவில் முக்காலிக்கு மூன்று கால் வைக்க இடம் தேடி, போட்டு, உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு பேச்சுத்தான் தம்பி," என்றாள். "போன்னு சொன்னாப் போக மாட்டேன். என்னைக்கு இந்த வீட்ல எனக்கு வேலை இல்லையோ, அன்னைக்கு நானே கிளம்பிடுவேன்."

தம்பி! அந்த வார்த்தை தையல்காரருக்குச் சுருக்கென்றது. அவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள்.

"எங்க வீட்லயும் ஒரு பேச்சு இருக்கு," என்றார் விறைப்பாக. "எதுலயும் கை படக் கூடாது."

"படாது."

கை படாமல் வேலை செய்கிறாளாம்! மனதுக்குள் சிரித்துக்கொண்டே கடைக்குப் போய், ஊசியில் நூல் கோத்தார். உள்ளே அந்த அம்மாள் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. ஒரே தடவை.

"ம்ஹும்."

அவ்வளவுதான். செருப்புகள் ஜோடி ஜோடியாக வாசலுக்கு நடந்தன. தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டிக்குள் குதித்தன. குளிர்ந்த தண்ணீர் என்று ஒரு கிண்ணம் மட்டும் தயங்கியது, பின்னாலிருந்த தட்டு அதைத் தள்ளிவிட்டது. கொடித் துணிகள் இறங்கி வந்து தங்களைத் தாங்களே மடித்துக்கொண்டன. அலமாரிக்குப் பின்னாலிருந்து நடுசின் தொலைந்த காலுறை ஓடி வந்து, தன் ஜோடியைக் கட்டிப் பிடித்து உருண்டது. துடைப்பம் வீட்டைச் சுற்றி வந்து குப்பையைத் தள்ளிவிட்டு, சமர்த்தாகத் தன் மூலைக்குத் திரும்பியது. கடைசியின் தலையைச் சீப்பு துரத்த, கடைசி முதன்முறையாக நாய் பாஷையை விட்டுவிட்டு, "அம்மா!" என்று கத்தினாள்.

தையல்காரர் பாய்ந்து வந்தார்.

"யாரு தொட்டது?"

"யாருமே தொடலப்பா," என்றாள் பெரிசு. அவள் தலை சீவியிருந்தது. "நாங்க கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தோம்."

"நான் கை மேலயே உக்காந்திருந்தேன்!" என்றான் நடுசு.

"நீங்க கையைப் பத்தித்தானே பேசினீங்க தம்பி?" என்றாள் முக்காலி அம்மாள்.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் தையல்காரர் நினைத்தார்.

அன்று அவர் சமையலறைக்குள் போய்ப் பார்த்தார். உப்பு ஜாடி கீழ்த் தட்டில் இருந்தது. கடைசி எட்டி எடுத்துக் கொட்டிவிடுவாள் என்று அக்கா அதை எப்போதும் மேல் தட்டில்தான் வைப்பாள்.

"இப்படி ஒவ்வொண்ணா நகர்ந்துட்டே போனா," என்று மனைவியிடம் கேட்டார், "அக்கா இங்க இருந்தாங்கறதுக்கு அப்புறம் என்ன மிச்சம்?"

"பிள்ளைங்களும் அத்தையைப் பத்திப் பேசறதே இல்லை. கவனிச்சீங்களா?" என்றாள்.

அவர் கவனிக்கவில்லை. அவருக்கு உப்பு ஜாடி கவலை.

ஆறாம் நாள்தான் கட்டில் கொட்டிய சம்பவம். தரையில் கிடந்தபடியே யோசித்தார். போ என்றால் போக மாட்டாள். வேலை இல்லை என்றால் போய்விடுவாள். ஆக, அவளுக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டால்? அவள் கனைப்பதற்கு முன்னால் எல்லா வேலையும் முடிந்திருந்தால்? அவள் பேசிய பேச்சை வைத்தே அவளைக் கட்டிப்போடலாம்! தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"ஐயோ, அது உங்களால முடியாதுங்க," என்றாள் மனைவி.

"என்னால முடியாதா? பார்க்கறியா?"

"வேண்டாங்க. அந்தம்மா கெட்டிக்காரி."

"நான் அதைவிடக் கெட்டிக்காரன்!"

"என்னவோ போங்க," என்று சொல்லிவிட்டு அவள் மாவு பிசையப் போனாள்.

மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்தார். அளவு நாடாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். துடைப்பத்துக்கு முன்னால் போய் நின்றார். அங்கேயே நின்றார். சட்டம் போட்டவர் அல்லவா?

கடைசியில் கையை நீட்டி எடுத்தார்.

அக்கா வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து, கைப்பிடி ஓர் இடத்தில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அவருடைய விரல்கள் சரியாக அந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. தையல்காரர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை அழுததும் படுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அப்பா! தொட்டுட்டீங்க!"

மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள். கடைசி.

"ஷ்ஷ்!"

"அத்தை அடிப்பாங்களா?"

"அத்தை இதாலதான் அடிப்பா," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உன் வயசுல நான் நடு வீட்ல உக்காந்துட்டு எழுந்திரிக்க மாட்டேன். 'அசையாம கிடக்கறதெல்லாம் எனக்குக் குப்பைதான்'னு சொல்லி, என்னையும் சேர்த்து வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போயிடுவா."

"குப்பையோடயா?"

"குப்பையோட. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துட்டு, 'என்னம்மா, பையனையே வீசறே'ன்னு கேட்டார். 'வேணும்னா எடுத்துக்கங்க'ன்னுட்டா!"

கடைசி சிரித்தாள். அந்த வீட்டில் நாலு மாதத்துக்கு அப்புறம் கேட்ட முதல் சிரிப்பு. அதைக் கேட்டு நடுசு எழுந்து வந்தான். பெரிசு வந்தாள். "எங்க, என்னையும் தள்ளுங்க!" "இன்னொண்ணு சொல்லுங்கப்பா!" அவர் கூட்டக் கூட்ட அக்கா கதையாக வந்தது. எந்தக் கதை எந்தப் பாத்திரத்துக்கு அடியில் ஒளிந்திருந்ததோ! கையில் எடுத்தால் வந்தது. உப்பு ஜாடியை எடுத்தபோது, அக்கா சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டு விருந்தாளியைத் துரத்திய கதை வந்தது. அது தெரியாமல் போட்டதில்லை என்று பெரிசு அடித்துச் சொன்னாள். கதவுக்குப் பின்னால் மனைவி நின்றது யாருக்கும் தெரியாது.

ஆனால் முக்காலி அம்மாள் லேசுப்பட்டவளா? ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து, சுற்றிப் பார்த்தாள். "ம்ஹும்" என்றாள். கட்டிலுக்கு அடியில் அவர் ஒளித்து வைத்த தீய்ந்த வாணலி, டங் டங் என்று துள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றது. புகார் கொடுக்கிற மாதிரி.

"இது யாரு தம்பி?"

"அது... அது நாளைக்கு."

"நாளைக்குன்னா எனக்கு வேலை இருக்குன்னு அர்த்தம்."

பல்லைக் கடித்தார். மறுநாள் வாணலி மின்னியது. கதவின் மேல்கட்டையில் தூசி இருந்தது. அதற்கு மறுநாள் தூசி இல்லை. காலுறையில் ஓட்டை இருந்தது. தையல்காரர் வீட்டிலேயே ஓட்டையா! மானம் போய், ஒரே மூச்சில் இருபத்தேழு காலுறைகளைத் தைத்தார். பிள்ளைகளும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். சமையலறையிலும் அவர் நூல்பிடித்தாற்போல் வேலை செய்தார். ரொட்டியைக்கூட நாடா வைத்து அளந்து வெட்டினார்.

பதினாலாம் நாள். ஆறு மணி. முக்காலி அம்மாள் உட்கார்ந்தாள். கூடத்தைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கடைசியின் காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள்.

"ம்ஹும்."

ஒன்றும் அசையவில்லை.

"ம்ஹும்!"

அவளுடைய முக்காலி மட்டும் லேசாக ஆடியது. அம்மாள் எழுந்தாள். முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "வேலை இல்லை. வர்றேன் தம்பி," என்றாள். இந்தத் தடவை அந்த வார்த்தை அவரைக் குத்தவில்லை. தெருமுனை வரை அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். சட்டென்று நினைவு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பார்த்தியா!" என்று மனைவியிடம் ஓடினார். "துரத்திட்டேன்! முடியாதுன்னியே? பதினாலே நாள்ல துரத்திட்டேன்!"

"பதினாலே நாளா?" மனைவி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நாள்காட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டிருந்தாள்.

"நான் போய்க் கூப்பிட்டப்ப, 'வீட்டைச் சரி பண்ணணும்னா ஒரு நாள் போதும், வீட்டுக்காரரைச் சரி பண்ணணும்னா ஒரு மாசம் ஆகும்'னாங்க. ரெண்டாவதைத்தான் கேட்டேன். சும்மா சொல்லக் கூடாதுங்க, தைக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து, சொன்ன தேதிக்கு முன்னாடி நீங்க முடிச்சுக் கொடுத்தது இது ஒண்ணுதான்."