எங்கே போகிறாய் என்று கேட்கும் பெல்ட்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அருள்பாண்டி அவர்களுக்கு,

கப்பலூர் அப்பளக் கம்பெனியிலிருந்து உங்கள் மாமனார் காசிமாயன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் வேலையாட்களும் சௌக்கியம். மகள் அஸ்வினி வைத்துவிட்டுப் போன இயந்திரக் கைக்குத்தான் சௌக்கியமில்லை. ஓசூரில் நீங்கள் இருவரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படிக்கவும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். என் போன் என்னிடம் இல்லை, உங்கள் நம்பரும் அதோடு போய்விட்டது. உங்கள் அத்தையின் போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நின்று கேட்டு, அடுத்த நிமிடம் மகளுக்கு ஒப்பித்துவிடுவாள்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை கேரளாவிலிருந்து கொல்லத்துக்காரர்கள் வருகிறார்கள். அப்பளப் பாக்கெட்டை இயந்திரக் கை தானாக எடுத்து, நொறுங்காமல் அட்டைப் பெட்டியில் அடுக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருஷ ஆர்டர் தருவார்களாம். ஒரு பாக்கெட்கூட நொறுங்காது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது உங்கள் வீட்டுக்காரி. இப்போது கை தானாக எதையும் எடுப்பதில்லை. காரணம் நான்தான்.

கையும் பாக்கெட்டுகள் ஓடிவரும் பெல்ட்டும் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒன்று கேட்டதற்கு மற்றது பதில் சொல்லாவிட்டால் இரண்டும் நின்றுவிடும், யாருக்கும் அடிபடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு என்று அஸ்வினி சொல்லியிருந்தாள். வேலையாட்களுக்குப் புரியட்டும் என்று அந்தப் பேச்சைத் திரையில் தமிழிலேயே ஓடவிட்டிருந்தாள். அங்கேதான் வினை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பெல்ட் ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்கிறது, கை ‘பெட்டிக்கு’ என்கிறது, பெல்ட் ‘வழி இருக்கிறது’ என்கிறது, உடனே கை ‘போகிறேன்’ என்று கிளம்புகிறது. நம் வீட்டில் கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டதுண்டா மாப்பிள்ளை? உங்களைப் பார்க்க நாங்கள் கிளம்பிய அன்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுத் தொலைத்தார் என்று, வீட்டுக்குள் திரும்பி வந்து தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டல்லவா மறுபடி கிளம்பினோம். அதனால்தான் நீங்கள் கிடைத்தீர்கள். போதாததற்குப் ‘போகிறேன்’ என்று வேறு சொல்கிறது. போயிட்டு வாரேன் என்று சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு அடுக்கு அப்பளம் நொறுங்கியது. எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. திரையில் அங்கே இங்கே தொட்டுப் பார்த்தபோது ‘கேள்வி பதில்’ என்ற இடத்தில் ஒரு டிக் இருந்தது, எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். கை பாக்கெட்டைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றுவிட்டது, பெல்ட்டும் நின்றது. பேக்கிங்கில் இருக்கும் ஒச்சாயி ஓடிவந்து, “அண்ணே, என்னத்தத் தொட்டீக? நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?” என்றாள். ஒன்றையும் தொடவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி தொட்டேன். ‘பதில் சொல்வது யார்? பெல்ட்டா, ஆளா?’ என்று கேட்டது. பெல்ட்டைவிட ஆள் மேல் அல்லவா, ஆள் என்று அழுத்தினேன். அந்த ஆள் நான் என்று அப்போது தெரியவில்லை.

அன்றிலிருந்து கை ‘பெட்டிக்கு’ என்கிற ஒவ்வொரு தடவையும் நான் ஸ்டூலில் உட்கார்ந்து ‘வழி இருக்கிறது’ என்று அழுத்திக்கொண்டிருக்கிறேன். பெல்ட்டை மறுபடி எப்படிப் பேசவைப்பது என்று தெரியவில்லை, இன்னொன்றைத் தொடவும் பயமாக இருக்கிறது. நான் எழுந்தால் கம்பெனியே நின்றுவிடுகிறது. டீ குடிக்க எழுந்தால் ஒச்சாயி, “பாத்துப் போங்கண்ணே, எங்க போறன்னு அது உங்களையும் கேட்டுறப் போகுது” என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். கொல்லத்துக்காரர்கள் வந்தால் என்னைக் காட்டி, இதுதான் அந்த மெஷினா என்று கேட்பார்கள்.

அடுத்தது போன் போன கதை. லாரி டிரைவர் மொக்கைச்சாமியிடம் பேசிவிட்டுப் போனைப் பெல்ட் ஓரத்தில் வைத்தேன். கண் வேறு எங்கோ இருக்க, விரல் பழக்கத்தில் ‘வழி இருக்கிறது’ என்று அழுத்திவிட்டது. கை என் போனை அப்பளத்தைவிடப் பதமாகத் தூக்கிப் பெட்டிக்குள் படுக்கவைத்தது. டேப் ஒட்டியாயிற்று, லாரியும் போயாயிற்று. ஒச்சாயி போனிலிருந்து கூப்பிட்டால் மொக்கைச்சாமி, “அண்ணே, ராஜபாளையம் தாண்டியாச்சு. இம்புட்டுப் பெட்டியில எதுன்னு பாக்க? பின்னாடி எங்கயோ பாடிக்கிட்டே வருது, வரட்டும் விடுங்க” என்கிறான்.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது நேற்றுச் சாயங்காலம் நடந்தது. எல்லாரும் போனபிறகு, கையை அணைக்கலாம் என்று திரைக்குப் பக்கத்தில் போனால், ‘சாப்பிட்டீர்களா?’ என்று வந்தது. வழியைப் பற்றி மட்டும் பேசிய கை என் வயிற்றைப் பற்றிக் கேட்கிறது. இல்லை என்று எழுத்து எழுத்தாகத் தட்டினேன். ‘ஏன்?’ என்றது. யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்த நேரம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ‘போகிறேன்’ என்பது பிடிக்காமல் டிக் எடுத்தது, போன் போனது, மாப்பிள்ளைக்குக் கூரியரில் கடிதம் போடப் போவது, எல்லாம். என் மகளிடம் சொல்லிவிடாதே, அவளுக்கு ஓசூர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, தெரிந்தால் லீவு போட்டு ஓடிவருவாள் என்றேன். ‘சொல்லமாட்டேன்’ என்றது. நல்ல பிள்ளை. அந்தத் தைரியத்தில், அவள் இல்லாத கம்பெனியில் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை என்றும் தட்டிவிட்டேன். அதற்கு ‘அப்’ என்று பாதி வந்து அழிந்துவிட்டது. கரண்ட் குறைந்திருக்கும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகையால் மாப்பிள்ளை, சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்பதுபோல, பெல்ட்டை மறுபடி பேசவைக்க எதைத் தொடவேண்டும் என்று அவளிடம் கேட்டு, உங்கள் அத்தைக்குத் தெரியாமல், உறை மேல் எழுதியிருக்கும் ஒச்சாயி நம்பருக்குச் சொல்லவும். முடிந்தால் ‘போகிறேன்’ என்பதையும் மாற்றச் சொல்லுங்கள். நான் கேட்டதாக மட்டும் மூச்சுவிட வேண்டாம்.

கருப்பசாமி உங்கள் இருவர் பக்கத்திலும் நின்று காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், அவளையும் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டூலை விட்டு எழ முடியாத உங்கள் மாமனார்,
காசிமாயன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஒச்சாயி கத்தினாள். நான் எதையும் அழுத்தவில்லை, கை தானாக அடுக்கிக்கொண்டிருக்கிறது. பெல்ட் ‘வழி இருக்கிறது’ என்கிறது, கை ‘போயிட்டு வாரேன்’ என்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று வந்தது: ‘அப்பா, நான் அஸ்வினி. நேத்தும் நாந்தான். அங்க நடக்குறதெல்லாம் என் போனுக்கு வந்துரும். நேத்தே சரி பண்ணியிருப்பேன், பண்ணிட்டா நீங்க பேசுறத நிப்பாட்டிருவீங்கன்னு விட்டுட்டேன். கூரியரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், மொதல்ல சாப்புடுங்க. லீவு சொல்லியாச்சு. நானும் அவரும் வியாழக்கிழமை வாரோம்.’ ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை மாப்பிள்ளை, இதை நேரிலேயே கையில் தருகிறேன். அவளுக்குத் திரையில் இதை மட்டும் தட்டிவிட்டேன்: ‘அன்றைக்கு நீங்கள் கிளம்பும்போது எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அப்பாவைப் பார்க்க என்று சத்தமாகவே சொல்.’